பாஸ்டர் முன்னே அழைக்கும்போது போகாவிட்டால் இரட்சிப்பு இல்லையா?

பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் முடிந்து, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் "முன்னே வாங்க" என்று அழைக்கும்போது எழுந்து போகாதவருக்கு இரட்சிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் போக, நீங்கள் மட்டும் பெஞ்சிலேயே இருந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

நான் கோத்தகிரிப் பக்கம். சின்னச் சபை. வருஷம் ஒருமுறை மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடக்கும், கீழேயிருந்து பிரசங்கியார் வருவார். கடைசிப் பாட்டு முடிந்தும் யாரும் வராவிட்டால் மறுபடி முதல் சரணம். பதினான்கு வயதில் முன்னே போனேன். பதினைந்தில், பதினாறிலும் போனேன். மூன்று தடவையும் அழுதது நிஜம். ஆனால் மூன்று தடவையும், முன்னே வந்தவர்களின் பெயர் எழுதும் தீர்மான அட்டையில் என்னைப் புது ஆத்துமாவாக எழுதிக்கொண்டார்கள்.

அம்மா ஒருமுறைகூடப் போனதில்லை. ஒரு வருஷம் பிரசங்கியார் பின் பெஞ்சைப் பார்த்து, "இருதயம் கடினப்பட்ட ஒருவர் இங்கே இருக்கிறீர்கள்" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. கொழுந்து பறிக்கப் போகுமுன் விடியக்காலம் நாலு மணிக்கு அடுப்படியில் முழங்காலில் நின்று, குழாயடியில் சண்டை போட்டவளுக்கும் சேர்த்து ஜெபிப்பவர் அவர். ஜனவரி உறைபனியில் தொட்டித் தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். பிரசங்கியார் அப்படிச் சொன்ன இரவு வீடு திரும்பும்போது, "தம்பி, மப்ளரைக் கட்டிக்கோ" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

மனுஷர் முன்பாக என்னை அறிக்கை செய்கிறவனை நானும் அறிக்கை செய்வேன் என்று இயேசு சொன்ன மத்தேயு 10:32ஐக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள், தெரியும். மனுஷர் முன்பாக அறிக்கை செய்ய நமக்கு ஞானஸ்நானம் இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதும் அதைத்தான், மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்று. முன்னே அழைக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1830 வாக்கில் சார்லஸ் ஃபின்னி என்ற எழுப்புதல் பிரசங்கியாரின் கூட்டங்களால் பெரிதாகப் பரவியது. லண்டனில் 38 வருஷம் பாப்டிஸ்ட் போதகராக இருந்த ஸ்பர்ஜன் பிரசங்க முடிவில் அப்படி அழைப்பதை வழக்கமாக்கவில்லை. மனம் குத்தப்பட்டு வந்தவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசினார். அழைப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. என் சித்தப்பா அப்படி முன்னே போன இரவோடு குடியை விட்டார். நானும் இன்னும் அதே சபையில்தான் இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்தபோது எங்கள் சபைக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை. இடம் இருந்த பெரிய சபை, "எங்கள் அங்கத்தினர் இல்லை" என்று கைவிரித்தது. சாயங்காலம் வரை மழையில் பெட்டியோடு நின்றோம். வருஷா வருஷம் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் காணிக்கை எடுக்கிறோம், அரை ஏக்கர் நிலம் வாங்க இன்றுவரை ஒரு கூட்டம் போடவில்லை.

உங்கள் பாஸ்டரை ஒரு வார நாளில் வீட்டில் போய்ப் பாருங்கள். பாட்டு இல்லாமல், யாரும் பார்க்காமல், உங்கள் பயத்தை அவரிடம் சொல்லுங்கள்.