கிரேக்க வேர்ச்சொல் படித்தால் ஆங்கிலச் சொல்வளம் கூடுமா?

கேட்டிருப்பவர் திருகோணமலைப் பிள்ளை. உயர்தரத்தில் உயிரியலைத் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, கம்பஸ் தொடங்கும் வரை வீட்டில் இருக்கிறார். அங்கே போனால் எல்லாம் ஆங்கிலம். கிரேக்க வேர்ச்சொற்களைப் பாடமாக்கினால் சொல்வளம் கூடும் என்று யாரோ சொல்ல, பெரிய பட்டியல் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறார். அது உதவுமா, எங்கே தொடங்குவது, லத்தீனும் வேண்டுமா என்பது கேள்வி.

உதவும். ஆனால் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். தமிழில் உயிரியல் படித்தவருக்குக் கிரேக்க வேர்கள் பலவற்றின் பொருள் ஏற்கெனவே தெரியும். ஒலி மட்டும்தான் புதிது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

நான் இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் குருதிப் பரிசோதனை செய்கிறவன். நானும் தமிழில் படித்து, பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் முதலில் இருந்து படித்தவன். ஆகவே என் உதாரணங்கள் எல்லாம் குருதி நெடியோடுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்குழியம், வெண்குழியம், தின்குழியம், குழியவுரு. இந்த நான்கையும் எத்தனை தடவை எழுதியிருப்பீர்கள்! ஆங்கிலத்தில் அவை எரித்ரோசைட், லியூக்கோசைட், ஃபேகோசைட், சைட்டோபிளாசம். தமிழில் 'குழிய' வரும் இடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் 'சைட்' வருகிறதா? கிரேக்கத்தில் கைட்டோஸ் என்றால் உள்ளே வெறுமையான பாத்திரம். குழியத்துக்குள் இருக்கும் 'குழி'யும் அதேதான். எரித்ரோஸ் சிவப்பு, லியூக்கோஸ் வெள்ளை, ஃபேகெயின் தின்பது, பிளாஸ்மா உருக்கொண்டது. நான்கு சொல்லில் ஐந்து வேர் கிடைத்துவிட்டது. புதிதாக எதையும் நீங்கள் பாடமாக்கவில்லை.

இது தற்செயல் இல்லை. கலைச்சொல் ஆக்கியவர்கள் மூலத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் தமிழாக்கினார்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், அதற்கான சொற்பட்டியல்களும் செய்தார். பிற்காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகக் கலைச்சொல் தொகுதிகள் வெளியிட்டது. அந்த உழைப்பைத்தான் நீங்கள் இப்போது பின்னோக்கிப் படிக்கப் போகிறீர்கள். நிறமூர்த்தம் என்பதில் நிறம் குரோமா, மூர்த்தம் சோமா, அதாவது உடல். குரோமோசோம். இழைமணியில் இழை மைட்டோஸ், மணி கொண்ட்ரியோன். ஒளித்தொகுப்பில் ஒளி ஃபோட்டோ, தொகுப்பு சிந்தசிஸ். தமிழ்நாட்டுக் காணொளி பார்க்கிறவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள், கலத்தைச் செல் என்பார்கள். இந்த வேலைக்கு நம் பாடநூல் சொற்களையே வைத்துக்கொள்வது சுகம்.

எல்லாச் சொல்லும் இப்படிப் பொருந்தாது. குருதிச் சிறுதட்டு என்பதை வைத்துக்கொண்டு த்ரொம்போசைட்டை எட்ட முடியாது. அது பிளேட்லெட் என்ற மற்றப் பெயரின் தமிழ். த்ரொம்போஸ் என்றால் உறைந்த கட்டி. இந்தச் சொல்லைச் சொல்லக் காரணம், மாரி மழையோடு டெங்குக் காய்ச்சல் தொடங்கினால் எங்களுக்கு நாள் முழுக்க இதே எண்ணிக்கைதான். வழமையாக ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருக்க வேண்டியது, இறங்கிக்கொண்டே போகும். அதற்கு த்ரொம்போசைட்டோபீனியா என்று பெயர். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்று துண்டு. முதல் இரண்டும் உங்களுக்கு இப்போது தெரியும். பீனியா என்றால் வறுமை. சிறுதட்டுக்கு வந்த வறுமை! அதே டெங்குவில் வெண்குழியமும் குறையும், அது லியூக்கோபீனியா. என்பின் அடர்த்தி குறைந்தால் ஒஸ்டியோபீனியா. வயதுபோக உடலில் தசை வற்றினால் சார்கோபீனியா, சார்க்ஸ் என்றால் தசை. ஒரு வேரைப் பிடித்தால் அதன் உறவு முழுக்க வீட்டுக்கு வந்துவிடும் என்பது இதுதான்.

நுணுக்குக்காட்டியில் எனக்குப் பிடித்த கலம் ஒன்று உண்டு. லீஷ்மன் சாயம் இட்ட கண்ணாடித் தட்டில் தேடிக்கொண்டு போகும்போது, வெளிர் ஊதாக் கூட்டத்துக்குள் செம்மஞ்சள் மணிகள் நிரம்பிய கலம் ஒன்று பளிச்சென்று நிற்கும். இயோசினோஃபில். இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தை அந்த மணிகள் இழுத்துக்கொள்வதால் அந்தப் பெயர். ஃபில் என்றால் விரும்புவது. நம் பாடநூல் இந்த 'ஃபில்'லை 'நாடி' என்று ஆக்கியது. நாடிப் போவது. இதைவிட அழகாக யாராவது மொழிபெயர்க்க முடியுமா தெரியவில்லை. இயோசினுக்குள் இருக்கும் ஈயோஸ், கிரேக்கத்தில் விடியல். விடியல் நிறத்தை நாடும் கலம் என்று வாசித்துப் பாருங்கள், பிறகு மறக்காது.

அதே ஃபில் ஹீமோஃபீலியாவிலும் வருகிறது. துண்டு துண்டாகப் பார்த்தால் 'குருதி விருப்பம்'. ஆனால் அது குருதி உறையாமல் ஒழுகும் பரம்பரை நோய். இங்கேதான் கவனம் வேண்டும். வேர் என்பது சொல் எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லும், எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லாது. ஓர்த்தோபீடிக்ஸ் இன்னொரு உதாரணம். 1741 இல் நிக்கொலா ஆன்ட்ரி என்ற பிரெஞ்சு வைத்தியர் இதைப் பிள்ளைகளின் உடற்கோணலை நிமிர்த்தும் கலைக்குப் பெயராக வைத்தார். ஓர்த்தோஸ் நேர், பைடியோன் பிள்ளை. இன்று எண்பது வயது ஆச்சி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தாலும் அங்கேதான் அனுப்புகிறார்கள். ஊகித்த பொருளை அகராதியில் ஒருதரம் பார்த்து உறுதிசெய்யாமல் விடையில் எழுதாதீர்கள். எட்டிம்ஒன்லைன் என்ற இலவசச் சொற்பிறப்பு அகராதி இணையத்தில் இருக்கிறது, போதும்.

அக்காவின் மகளும் உங்களைப் போல ரிசல்ட் வந்து காத்திருக்கும் பிள்ளை. புத்தகத்தோடு உட்கார வைத்தால் கொட்டாவி விடுவாள். ஒருநாள் மீன் வாங்கக் கூட்டிப் போனேன். கணவாயைப் பார்த்துவிட்டு, "மாமா, இது தலைக்காலி எண்டு படிச்சம். உண்மையிலயே கால் தலையிலயா இருக்கு?" என்றாள். மீன்காரர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். மேலே பை மாதிரி உடம்பு, நடுவில் இரண்டு பெரிய கண்ணோடு தலை, அந்தத் தலையில் இருந்தே நேராகத் தொங்கும் கைகள். "பார் பிள்ளை, கெஃபாலே தலை, பொடோஸ் காலினுடைய. செஃபலோபொட்." பக்கத்துக் கூடையில் நண்டு. அது கணுக்காலி, ஆர்த்ரோபொட். ஆர்த்ரோன் என்றால் மூட்டு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அம்மம்மாட ஆர்த்ரைட்டிஸும் நண்டுட கணுவும் ஒண்டா?" என்று கேட்டாள். மீன்காரருக்கு விளங்கியதோ இல்லையோ, எனக்கு அன்று நண்டு வாங்கிக் கொடுத்த காசு செரித்தது.

கெஃபாலேயை அவள் அதோடு விடவில்லை. என்செஃபலைட்டிஸ்: கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, கெஃபாலே தலை, ஐட்டிஸ் அழற்சி. தலைக்கு உள்ளே இருப்பது மூளை, ஆகவே மூளை அழற்சி. ஹைட்ரோசெஃபலஸ் தலையில் நீர் கோத்தல். நம் கடலில் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்களே திமிங்கிலம், அதில் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் விஞ்ஞானப் பெயர் ஃபைசீற்றர் மக்ரோசெஃபலஸ். ஊதுகிறவன், பெருந்தலையன். படத்தைப் பார்த்தால் வேறு பெயர் வைத்திருக்கவே முடியாது என்று தெரியும்.

பிரிக்கிற இடம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். ஹெலிகொப்டரை ஹெலி, கொப்டர் என்று பிரித்து ஹெலியோஸ், சூரியன் என்று கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சரியான வெட்டு ஹெலிகோ, ப்டெர். சுருள், சிறகு. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காத 'பீ' (p) வந்து அடுத்து 'ரீ' (t) வந்தால் இந்தச் சிறகைச் சந்தேகப்படலாம். டெரிஜியம் என்று ஒரு கண் வருத்தம். வெயிலிலும் காற்றிலும் காலம் கழித்தவர்களுக்கு வரும், நம் மீனவர்கள் பலரின் கண்ணில் பார்க்கலாம். வெள்ளைவிழியில் இருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை ஏறும். பெயரின் பொருள் சிறு சிறகு. நிமோனியாவின் ஒலிக்காத பீ, சைக்கொலஜியின் ஒலிக்காத பீ, கெமிஸ்ட்ரியில் 'க' ஆகும் சீ-எச், எஃப் ஆகும் பீ-எச், எல்லாம் கிரேக்க அடையாளம். எழுத்துக்கூட்டலுக்கு இந்த அறிவு தருகிற உதவி, சொல்வளத்துக்குத் தருவதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். டயரியாவை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுகிறவர் குறைவு. டயா ஊடாக, ரீன் ஒழுகுவது என்று தெரிந்தவர் நடுவில் அந்த இரண்டு ஆரையும் எச்சையும் விடமாட்டார்.

இரண்டு முன்னொட்டை மட்டும் உயிர்போகிற காரியமாக எடுங்கள். ஹைப்பர் மேலே, ஹைப்போ கீழே. பொருள் நேரெதிர், தொலைபேசியில் ஒலி கிட்டத்தட்ட ஒன்று. குருதியில் பொட்டாசியம் லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 6.5 என்றால் ஹைப்பர்கலீமியா, 2.5 என்றால் ஹைப்போகலீமியா. இரண்டிலும் இதயம் நிற்கலாம், வைத்தியம் மட்டும் எதிரெதிர். அதனால் வாட்டுக்கு அறிவிக்கும்போது சொல்லை நம்பாமல் எண்ணைச் சொல்லி, மறுமுனையில் திருப்பிச் சொல்ல வைப்போம். நடுவில் இருக்கும் 'கல்' அரபுச் சொல், லத்தீன் வழியாக வந்தது. ஒரு நோய்க்குள் எத்தனை நாடு!

சரி, எதற்கு உதவாது? பேச. கிரேக்கம் விரிவுரையையும் புத்தகத்தையும் திறந்து தரும், கன்ரீனில் பக்கத்தில் இருப்பவரோடு பேச வைக்காது. கெட், புட், டேக், அவற்றோடு ஒட்டும் அப், ஓஃப், அவுட் எல்லாம் ஆங்கிலத்தின் ஜெர்மானியப் பக்கச் சரக்கு, அங்கே கிரேக்க வேர் தேடிப் பயனில்லை. கேட்டும் பேசியும்தான் வரும். தினமும் அரை மணி நேரம் ஆங்கில வானொலியோ காணொளியோ கேளுங்கள், அது தனி வேலை. மேடையில் சிலர் ஒரைசா என்ற கிரேக்கச் சொல் நம் அரிசியில் இருந்து போனது என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்த விவாதம் மொழியியலாளர்களிடமே முடியவில்லை. உங்கள் நேரம் அதில் போக வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உயர்தர உயிரியல் குறிப்பை எடுங்கள். தமிழ்ச் சொல்லை இடப்பக்கம் எழுதி, ஆங்கிலச் சொல்லை வலப்பக்கம் எழுதி, எந்தத் துண்டு எதற்கு என்று கோடு இழுங்கள். நிறங்களில் தொடங்கினால் சுலபம், சிவப்பும் வெள்ளையும் பார்த்துவிட்டோம், கறுப்பு மெலாஸ் என்பது மெலனினில் இருக்கிறது, பச்சை குளோரோஸ் என்பது குளோரோஃபிலில், நீலம் கியனோஸ் என்பது ஒட்சிசன் குறைந்து உதடு நீலிக்கும் சயனோசிஸில். அப்புறம் உறுப்புகள். நீங்களே எங்காவது கண்ட சொல்லை மட்டும் சேருங்கள், இறக்கி வைத்த பட்டியலில் இருந்து ஒன்றும் வேண்டாம்.

லத்தீன் தனியாகத் தேவையில்லை, உடற்கூற்றியல் பாடத்தோடு தானாக வரும். தசை, எலும்புப் பெயர்களில் பெரும்பங்கு அதுதான். ஒரே உறுப்புக்கு இரண்டு மொழியிலும் பெயர் வரும்போது மட்டும் குழம்பாதீர்கள். சிறுநீரகத்துக்கு லத்தீனில் ரேன், கிரேக்கத்தில் நெஃப்ரோஸ். உறுப்பைச் சுட்டும்போது பெரும்பாலும் லத்தீன், ரீனல் ஆர்ட்டரி என்பது போல. நோயையும் சத்திரசிகிச்சையையும் அதைப் படிக்கும் துறையையும் சொல்லும்போது பெரும்பாலும் கிரேக்கம், நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி, நெஃப்ரொலஜி. ஈரலுக்கு ஹெப்பட்டைட்டிஸ், தோலுக்கு டெர்மட்டைட்டிஸ், இரைப்பைக்கு காஸ்ட்ரைட்டிஸ் என்று மூன்றைப் பார்த்தாலே இந்தப் போக்கு பிடிபடும்.