விடுதலைப் பத்திரமும் சமரசமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமரசம், விட்டுக்கொடுத்தல் இரண்டுக்கும் பொருளில் என்ன வேறுபாடு? சமரசம் தமிழ்ச்சொல்தானா? பூர்வீக நிலத்தில் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி தங்கையான என்னை அண்ணன்மார் கேட்கிறார்கள். உறவினர்கள் ‘சமரசமாகப் போ’ என்கிறார்கள். சின்ன அண்ணனுக்குக் கடனும் இருக்கிறது. சண்டை வேண்டாமென்று கையெழுத்திட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

சமரசம் வடசொல், அந்தக் கேள்வியை அத்துடன் விட்டுவிடலாம். வள்ளலார் 1865இல் நிறுவிய சங்கத்தின் பெயரிலேயே அச்சொல் உண்டு. அங்கே அது மேல்கீழற்ற சமநிலையைக் குறித்தது. இன்றைய பேச்சில், இரு தரப்பும் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கிவருவதைச் சமரசம் என்கிறோம். விட்டுக்கொடுப்பதற்கு ஒருவரே போதும். உங்கள் உறவினர்கள் கேட்பது அதைத்தான்.

அண்ணன்மார் பதிலுக்கு என்ன தருகிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. சொல்லின் வேரை விசாரிக்கத் தெரிந்த நீங்கள், பத்திரத்தில் பிரதிபலன் என்று என்ன எழுதப்போகிறார்கள் என்பதை விசாரித்திருக்க வேண்டாமா?

என் அத்தையும் இப்படித்தான் கையெழுத்திட்டார். சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் பத்திர எழுத்தர் ‘மனப்பூர்வமாகச் சம்மதித்து, பிறர் தூண்டுதலின்றி’ என்று வேகவேகமாக வாசித்துக்கொண்டு போக, அத்தை பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் மையைச் சுவரில் துடைத்துவிட்டு வெளியே வந்தவருக்கு ஒரு பட்டுப்புடவையும் மதியச் சாப்பாடும் கிடைத்தன. பங்கு கேட்டால் பிறந்தவீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று அதற்கு முன்பே எல்லோரும் சொல்லி முடித்திருந்தார்கள்.

அந்தக் கொடுக்கல் வாங்கலைச் சற்று உற்றுப்பாருங்கள். அத்தை கொடுத்தது நிலம். பெற்றது பிறந்தவீட்டுக்கு வந்துபோகும் உறவு. அந்த உறவோ பிறந்த நாள்முதல் அவருடையது. அவருக்கே சொந்தமான ஒன்றை அவருக்கு விற்று, அதற்கு விலையாக அவருக்கே சொந்தமான இன்னொன்றை வாங்கிக்கொண்டார்கள். பெரியப்பா அதில் இழந்தது என்ன? சீர் செய்தோமே, நகை போட்டோமே என்பார்கள். அவையெல்லாம் பங்குக்கு ஈடு என்று கல்யாணத்தன்று எவரும் சொல்லவில்லையே.

இந்துக் குடும்பங்களில் திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கைத் தமிழ்நாடு 1989இலேயே தந்துவிட்டது. மணமான மகள்களுக்கும் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திருத்தம் அதை வழங்கியது. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உங்களுக்குப் பங்கு உண்டென்று அறிந்துதான் அண்ணன்மார் கையெழுத்துக் கேட்கிறார்கள், அம்மா.

சின்ன அண்ணனின் கடனை நினைத்து நீங்கள் கலங்குவது புரிகிறது. அவருக்குக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உங்கள் பங்கை அளந்து எழுதச் செய்து, பிறகு அதிலிருந்து உங்கள் கையால் கொடுங்கள். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால், ஏமாற்றப்பட்டதையோ வற்புறுத்தப்பட்டதையோ உரிமையியல் நீதிமன்றத்தில் நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பத்திர வரைவை வாங்கி முழுதாகப் படித்து, நீங்களாகத் தேடிய ஒரு வழக்கறிஞரிடம் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.