கெரிஸில் கொல்லன் பெயர் எங்கே? – கேள்வி பதில்

கே: கெரிஸ் என்ற ஜாவா குத்துவாள் ஒன்று வாங்கினேன். எங்கு தேடியும் முத்திரையே இல்லை. போலியோ?

ப: முத்திரை இல்லாததுதான் இயல்பு. 'எம்பு' எனப்படும் கெரிஸ் கொல்லர்கள் பொதுவாக அலகில் பெயர் பொறிப்பதில்லை. வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். வளைவுகளை எண்ணுங்கள், மரபுப்படி ஒற்றைப்படையாக இருக்கும். அடியில் அலகு அகலும் இடத்தில் 'கன்ஜா' என்ற தனித் துண்டு பொருந்தியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அந்த இணைப்புக் கோட்டைப் பாருங்கள். ஒரே துண்டாக அடித்த கெரிஸும் உண்டு, அதனால் கோடு இல்லையென்று பதற வேண்டாம். அப்புறம் 'பாமோர்', அதாவது இரும்போடு நிக்கல் கலந்த இரும்பை மடித்து அடித்ததில் தெரியும் கோலம். தேய்ந்த ஓரத்திலும் கோடு தொடர்ந்து ஓடினால் நல்ல அறிகுறி. அமிலத்தால் மேலே வரைந்தது பாதியில் நின்றுவிடும். இன்ன எம்பு செய்தது என்று விற்பவர் அடித்துச் சொன்னாலும் அது ஊகம்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கே: கன்ஜாவில் தங்கத்தில் யானையும் சிங்கமும். கொல்லனின் அடையாளமா?

ப: இல்லை, அது விருது. 1627-இல் ஜாவாவின் 'பாதி' (Pati) என்ற ஊரில் எழுந்த கலகத்தை அடக்கியவர்களுக்கு மாதரம் அரசர் சுல்தான் ஆகுங் அளித்தது என்பது ஜாவா மரபு. பின்னாளில் அழகுக்காகவும் பதித்தார்கள். அதனால் இதை வைத்து மட்டும் காலத்தைக் கணிக்க முடியாது.

கே: பர்மிய வாள். அலகில் வெள்ளி இழைத்த எழுத்து, நடுவே 1290 என்ற எண்.

ப: உங்களுக்கு அதிர்ஷ்டம்! பர்மிய வாள்களில்தான் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் எழுத்தாகவே கிடைப்பதுண்டு. மிண்டான் கிராமத்துக் கொல்லர்கள் இதில் பேர் பெற்றவர்கள். பர்மிய ஆண்டோடு 638 கூட்டுங்கள்: 1928. ஏப்ரலில் ஆண்டு பிறப்பதால் 1929-இன் தொடக்க மாதங்களாகவும் இருக்கலாம். வெள்ளி இழை மெல்லியது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

கே: கிளேவாங் என்ற வெட்டுவாளில் 'ஹெம்புருக்' என்று இருக்கிறது.

ப: நெதர்லாந்தின் ஆயுதத் தொழிற்சாலை. டச்சு கிழக்கிந்தியப் படைக்கான வாள். 'மில்ஸ்கோ' என்றிருந்தால் அமெரிக்காவின் மில்வாக்கியில் செய்தது.

கே: உறையின் வெள்ளி முத்திரையை வைத்து அலகின் வயதைச் சொல்லலாமா?

ப: கூடாது. ஜாவாவில் உறை செய்பவர் வேறு, அலகு அடிப்பவர் வேறு. ஒரே கெரிஸுக்கு உறை பலமுறை மாறியிருக்கும். முத்திரை சொல்வது அந்த வெள்ளித் தகட்டின் வயதை மட்டுமே.