மத்தியானம் வாடும் லிகுலேரியா: கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: டொரண்டோவில் இருக்கிறோம். ‘பிரிட் மேரி கிராஃபோர்ட்’ என்ற ரகத்து லிகுலேரியா (கறுத்த பெரிய இலைக்காக வளர்க்கும் அலங்காரச் செடி) ஒன்றை ஜூனில் வாங்கி நட்டேன். தினமும் பிற்பகலில் இலையெல்லாம் தொங்கிவிடுகிறது. இரண்டு வேளை தண்ணீர் விட்டும் அப்படித்தான். செடி பழுதா? திருப்பிக் கொடுத்துவிட்டு, மலிவாகக் கிடைக்கும் விதைப் பாக்கெட் வாங்கலாமா?

பதில்: சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போய்ப் பாருங்கள். இலை தானாக நிமிர்ந்திருந்தால் செடியில் கோளாறு இல்லை. ஒரு இலையே 30 செ.மீ. அகலம் வரும். உச்சிவெயிலில் அது ஆவியாக விடும் தண்ணீரை வேரால் அதே வேகத்தில் ஏற்றிக் கொடுக்க முடியாது. மண் சொதசொதவென்று இருந்தாலும் தொங்கத்தான் செய்யும். விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் தண்ணீர் வேண்டாம். விடிந்த பிறகும் தொங்கியே கிடந்தால் வேர் காய்ந்திருக்கும், இல்லை அழுகியிருக்கும். அப்போது பில்லோடு கடைக்குப் போகலாம்.

மாற்ற வேண்டியது இடத்தை. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், பிற்பகலில் நிழல். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் பக்கம் இதற்கு அருமையான இடம். முழு நிழலுக்குக் கொண்டுபோனால் இலையின் கறுப்பு மங்கிப் பச்சையாகும். செப்டம்பர் தொடக்கத்தில் அல்லது அடுத்த வசந்தத்தில், மண்கட்டி உடையாமல் பெயர்த்து, பழைய ஆழத்திலேயே நடுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கம்போஸ்ட் கலந்து, மேலே 5 செ.மீ. இலைமக்கு போடுங்கள். செடிக்குச் செடி 75 செ.மீ. இடைவெளி.

விதைப் பாக்கெட் வேண்டவே வேண்டாம். விதையில் முளைப்பது தாய்ச்செடி மாதிரியே வரும் என்ற உறுதி இல்லை. இந்த ரகத்தை வேர்க்கட்டியைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். விலைதான் இடிக்கிறது என்றால் ‘டெஸ்டிமோனா’ என்ற இன்னொரு லிகுலேரியா ரகம் மோசமில்லை. ஆனால் கோடையில் அதன் இலை மேல்பக்கம் பச்சையோடிவிடும், ஊதா அடிப்பக்கத்தில்தான் நிற்கும். கடையில் பூவைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். அடியில் இரண்டு மூன்று முளைகள் இருக்கிறதா, தொட்டித் துளையில் தெரியும் வேர் வெளுப்பாக, திடமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, நத்தை. வசந்தத்தில் சுருண்டு கிளம்பும் இளம் இலையைத்தான் கடிக்கும். அந்த ஓட்டை இலை விரிய விரியப் பெரிதாகும். முளை தெரிந்ததுமே நத்தையைக் கொல்லும் இரும்பு பாஸ்பேட் குருணையைச் சுற்றிலும் மெல்லத் தூவிவிடுங்கள், மழைக்குப் பிறகு மறுபடியும்.