சித்தப்பாவின் மதிப்பெண் 19

கேள்வி: என் சித்தப்பாவுக்கு 68 வயது. திருமணமாகாதவர், எங்கள் வளவு வீட்டிலேயே இருக்கிறார். அவருக்கு ஆட்டிசம் இருப்பது அண்மைக் காலத்தில்தான் தெரியவந்தது. இப்போது மோக்கா என்னும் நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 19 வாங்கியதால், மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். ‘அவன் எப்போதுமே அப்படித்தானே’ என்கிறார் அப்பா. யார் சொல்வதை நம்புவது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டாம். மோக்காவில் 26-க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு ஆராய்வது வழக்கம். ஆனால் அந்த வரம்பு ஆட்டிசம் உள்ளவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டதன்று. அந்தச் சோதனையில் கேட்பதுபோல், ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரே நிமிடத்தில் அடுக்குவதும், ரயிலுக்கும் சைக்கிளுக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்வதும் அவர்களில் சிலருக்கு இளமையிலேயே கடினமாக இருந்திருக்கும். அதிலும் முன்பின் அறியாத ஒருவர், இரைச்சல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் உட்கார வைத்துக் கேட்டால், தெரிந்த விடையும் வாய்க்கு வராது. அதே வேளையில், ‘எப்போதுமே அப்படித்தான்’ என்ற பேச்சு உண்மையான சரிவை மறைத்துவிடக்கூடும். எனக்கு அதுவே கூடுதல் கவலை.

சித்தப்பாவைப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய சித்தப்பாவோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போது அவர் பிசகாமல் செய்து வந்தவற்றை அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். நகரத்தார் கோயில் ஒன்பதையும் இளையாத்தங்குடியில் தொடங்கி வரிசையாகச் சொல்பவர் என்றால், இப்போது நடுவில் நின்றுவிடுகிறாரா? இரவில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை தாமே பூட்டி வந்தவர், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தடுமாறுகிறாரா? அவர் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டுகள் இருந்தால் இன்னும் நல்லது. கூட்டலில் பிழை எந்த ஆண்டிலிருந்து தலைகாட்டுகிறது, கையெழுத்து எப்போது கோணத் தொடங்கியது என்பதைக் காட்டும் பக்கங்களை மருத்துவரிடம் கொடுங்கள். விருந்தாளிகளிடம் பேசாததையும் உணவில் பிடிவாதத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை அவருடைய பழைய இயல்பு.

மனச்சோர்வு, காது மந்தம், தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மனநல மருந்துகளோடு, அவற்றால் வரும் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கத் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையும் எடுத்து வருகிறாரா என்று மருந்துச்சீட்டைப் பாருங்கள். முதியவர்களின் நினைவை அது மங்கச் செய்யும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முடிந்தால் அதே மருத்துவரிடம், கூட்டமில்லாத நேரத்தில் மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஒப்பிட இந்த 19 உதவும்.