சிக்னலில் நின்றால் கார் குலுங்குகிறதா? பாகம் மாற்றும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னுடையது 2015-ல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக சிக்னலில் நின்றால் இன்ஜின் குலுங்குகிறது. ஏசி போட்டால் ஆஃப் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. செக் இன்ஜின் லைட் ஒருமுறை எரிந்து, சில நாளில் தானாக அணைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். உண்மையில் எதில் கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? — திருப்பூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் முடியும். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அந்த மூன்றையும் இப்போது மாற்றாதீர்கள். ஒன்றாக மாற்றிச் சரியானாலும், எதனால் சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, மாற்றியவருக்கும் தெரியாது. சரியாகாவிட்டால் போட்ட காசு போனதுதான். சந்தேகப்படும் பாகத்தை இடம் மாற்றிப் பார்க்கலாம், துடைத்துப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம். இதில் ஏதாவது ஒன்றைச் செய்து கோளாறு அசைந்தால்தான் அந்தப் பாகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஓட்டும்போது தெரியவில்லை, நிற்கும்போது மட்டும் குலுங்குகிறது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் பலவீனமாகியிருந்தால் பெரும்பாலும் மேடு ஏறும்போதும் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது ஸ்பார்க் வர அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதுதான் காரணம். ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) மட்டும் தெரிகிற கோளாறு என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள்: இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் அழுக்கு, எங்கேயோ கசியும் வாக்யூம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சல் போகும் ரப்பர் குழாய்), டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு சரியாக மூடாதது. அப்புறம் தேய்ந்த பிளக், இடைவெளி குறைந்து டைட்டான வால்வு. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இந்த வரிசையில் கடைசி.

காரைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நியூட்ரல், ஹேண்ட் பிரேக். வேட்டி, துப்பட்டா, தொங்கும் செயின் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

முதலில், குலுங்குவது இன்ஜினின் ஓட்டமா, அதைத் தாங்கும் மவுண்டிங்கா என்று பிரித்துவிட வேண்டும். இன்ஜின் சூடானபின் ஆர்பிஎம் முள் பெரும்பாலான கார்களில் 650-லிருந்து 850-க்குள் அசையாமல் நிற்கும். முள் நிலையாக இருந்தும் ஸ்டீயரிங் மட்டும் அதிர்ந்தால், மவுண்டிங் ரப்பர் தேய்ந்திருக்கலாம். பின்னால் போய்ச் சைலன்சர் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு துண்டு நியூஸ்பேப்பரைச் சைலன்சர் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். நல்ல இன்ஜினில் தாள் சீராகப் படபடக்கும். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டால், நடுநடுவே ஒரு தட்டு குறையும். சில சமயம் தாள் உள்பக்கமாகவே இழுபடும். மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அந்த இன்ஜின்களுக்கு லேசான அதிர்வு இயல்பு. புதிதாகக் கூடியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்து ஸ்கேனர். உங்கள் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் கொண்ட ஓபிடி சாக்கெட் (கோளாறைப் படிக்கும் கருவியைச் செருகும் இடம்) இருக்கும். அதில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். போனில் ஒரு ஆப் போதும். லைட் அணைந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் லைட் அணையும், ஆனால் கோளாறைக் குறிக்கும் எண், அதாவது கோடு (code), அதற்குப் பிறகும் பல நாள் கார் கணினியின் நினைவில் இருக்கும். அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பி0301 முதல் பி0304 வரை (திரையில் P0301, P0304 என்று தெரியும்) வந்தால், கடைசி எண்தான் மிஸ் அடிக்கும் சிலிண்டர். பி0300 என்றால் குறிப்பிட்டுச் சொல்ல முடியாதபடி பல சிலிண்டர்களில் மிஸ் என்று பொருள்; அப்போது பிளக்கை விட, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காற்றையும் பெட்ரோலையும் பார்க்க வேண்டும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். இந்தக் கோடைப் பார்த்துத்தான் பல இடங்களில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான். தகவல் சொன்னவரைத் தண்டிக்க வேண்டாம்.

உங்களுக்கு வந்தது பி0302 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறியபின், இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் போடுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். மறுபடி வருவது பி0303 என்றால் காயில்தான் குற்றவாளி. அதே பி0302 என்றால் காயில் நல்லது. இப்போது பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை, ஒரு காலை வேளை போதும். இருந்தும் ஒர்க்‌ஷாப்களில் இது நடப்பது குறைவு. பழைய கார்களில் காயிலுக்குப் பதில் நீண்ட பிளக் ஒயர்கள் இருக்கும். ஒயரையும் இப்படியே மாற்றிச் சோதிக்கலாம், நீளம் எட்டினால்.

இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கி எது அடிக்கவில்லை என்று பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட் கையில் அடிக்கும். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அதற்குப் பதில், கைக்கு எட்டினால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நன்றாக அடிக்கும் சிலிண்டரில் கனெக்டரைக் கழற்றியதும் ஆர்பிஎம் விழும். எதைக் கழற்றினால் ஓட்டத்தில் வித்தியாசமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இதனால் புதிதாகச் சில கோடுகள் பதிவாகும், அழித்துவிடலாம்.

பிளக்கைக் கழற்றும்போது நின்று நிதானமாகப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே ஸ்பார்க் அடிக்கவில்லை. முனையில் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் எரிகிறது. ஆயில் முனையில் இல்லாமல் பிளக் குழிக்குள் தேங்கியிருந்தால் அது வால்வு கவர் சீல் கசிவு. பெரிய செலவில்லை, ஆனால் அந்த ஆயில் காயிலின் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் ஸ்பார்க் வெளியே தாவுகிறது என்று பொருள். அந்தப் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். பீங்கானும் உலோகமும் சேரும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணம். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 78,000 கி.மீ. வரை ஓடவே விட்டிருக்கக் கூடாது, மாற்றிவிடுங்கள். புதியதை முதலில் கையாலேயே முழுக்கத் திருகுங்கள், கடைசியில் மட்டும் ஸ்பேனர். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அது தனிச் செலவு.

மிஸ்ஃபயர் கோடு எதுவும் இல்லையென்றால் காற்றுக் கசிவுக்கு வருவோம். ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் என்று இரண்டு எண்கள் தெரியும், ஷார்ட், லாங் என்று. இன்ஜின் கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன. இரண்டையும் கூட்டினால் பிளஸ், மைனஸ் 10-க்குள் இருக்க வேண்டும். ஐடிலிங்கில் பிளஸ் 20-ஐத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் இயல்புக்கு இறங்கினால், அது அச்சு அசலான வாக்யூம் கசிவு. இரண்டிலும் பிளஸ்ஸிலேயே நின்றால் பெட்ரோல் வரத்தையும், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் சென்சாரையும் பாருங்கள்.

இங்கே நம் ஊர்ச் சின்ன கார்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அவற்றில் பலவற்றில் காற்றின் அளவை நேராக அளக்கும் சென்சார் கிடையாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் மேப் சென்சார்தான். கசிந்து வரும் காற்றும் அந்த அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் டிரிம் அவ்வளவாக ஏறாது. பதிலாக ஐடிலிங் ஏறும், அல்லது ஏறி இறங்கி ஆடும். அப்படிப்பட்ட காரில் மேப் எண்ணைப் பாருங்கள். சூடான இன்ஜின், ஏசி ஆஃப், ஐடிலிங்: 30-லிருந்து 40 கிலோபாஸ்கலுக்குள் நிற்பது நல்ல அடையாளம். 50-ஐத் தாண்டினால் ஏதோ ஓர் இடத்தில் வாக்யூம் சரியாக உருவாகவில்லை.

கசிவைத் தேட கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான இன்ஜின் மேல் அது தீப்பிடிக்கும், செய்யாதீர்கள். ஒரு மீட்டர் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஹோஸ் பக்கமும் கொண்டுபோங்கள். உஸ்ஸென்ற சத்தம் இடத்தைக் காட்டிவிடும். பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப இழுக்கும் பிசிவி ஹோஸின் வளைவு, இந்த இரண்டிலும்தான் வெடிப்பு அதிகம். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஐடிலிங் மாறினால் பூஸ்டருக்குள்ளேயே கசிவு. பிரேக் சம்பந்தப்பட்டதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பர்ஜ் வால்வுக்கு ஒரு எளிய சோதனை: இன்ஜின் குளிராக ஐடிலிங்கில் ஓடும்போது, டேங்க் பக்கம் போகும் குழாயை வால்விலிருந்து கழற்றி, வால்வு வாயில் விரல் வையுங்கள். இழுவை இருக்கக் கூடாது. இருந்தால் வால்வு மூடவில்லை. பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் கார்களில் இதை முதலிலேயே பாருங்கள்.

காலையில் மட்டும் குலுங்குகிறது என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் மட்டும் செய்து கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் ஸ்கேனரில் பாருங்கள். இரவெல்லாம் நின்ற காரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். 27-ம் 60-ம் என்று காட்டினால் அதிகம் காட்டும் சென்சார் பொய் சொல்கிறது.

த்ராட்டில் பாடி: மாற்றத் தேவையே இல்லை, முதலில் துடையுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றினால் தகடு தெரியும். அதன் விளிம்பில் கறுப்பு வளையம் படிந்தால் ஐடிலிங்கில் போக வேண்டிய கொஞ்சக் காற்றும் அடைபடும். ஏசி போட்டதும் இன்ஜின் திணறுவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம், உங்கள் அறிகுறிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. சாவி ஆஃப். த்ராட்டில் பாடி கிளீனரை நேராக அடிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் தகட்டை விரலால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். துடைத்தபின் ஐடிலிங் சிறிது நேரம் உயர்ந்திருக்கும், கணினி பழகினால் இறங்கும். சில கார்களுக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் (கணினியைப் புதிதாகப் பழக்குவது) செய்ய வேண்டும். பேட்டரி மாற்றியபின் வரும் குலுக்கலும் இந்த வகைதான்.

இ-20 பெட்ரோலால்தான் (20% எத்தனால் கலந்தது) இப்படி ஆகிறதா என்று பலர் கேட்கிறார்கள். இ-10-லிருந்து இ-20-க்குப் போனால் கலவைக்குச் சுமார் 4% கூடுதல் எரிபொருள் வேண்டும். டிரிம் அதைச் சமாளித்துக்கொள்ளும். அதனால் மட்டும் ஒரு சிலிண்டர் குலுங்காது. வாரக்கணக்கில் நின்ற காரின் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் மட்டும் எத்தனால் அதை இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். அந்தக் காருக்கு டேங்கைக் காலி செய்வதுதான் வழி.

செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிகிறது. அதன் விலை நீங்கள் இதுவரை கேட்ட எல்லாவற்றையும் விட அதிகம்.

காயில், பிளக், கனெக்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தும் அதே சிலிண்டர் அடம்பிடித்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். அங்கே இன்ஜெக்டர் மாற்றச் சொல்லாமல் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளப்பது) கேளுங்கள், நான்கு சிலிண்டரின் எண்களையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சிஎன்ஜி, எல்பிஜி போட்ட கார் என்றால் அதற்கும் முன் டேப்பெட் கிளியரன்ஸை (வால்வு இடைவெளியை) பார்க்கச் சொல்லுங்கள். வால்வு டைட்டாகி ஐடிலிங்கில் மட்டும் மிஸ் அடிப்பது அந்தக் கார்களில் அடிக்கடி நடக்கும்.