மூன்று மாதம், முதுகில் ஒரு பை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவைப் பற்றியவை. தாய்லாந்தும் மலேசியாவும் நமக்கு விசாவைத் தளர்த்தியதும், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் பெங்களூரு விமான நிலையம் கிட்டத்தில் இருப்பதும் காரணமாக இருக்கலாம். சந்தோஷம். ஆனால் எந்த மாதம் கிளம்புகிறீர்கள், எத்தனை நாள், கையில் எவ்வளவு பணம் என்ற மூன்றையும் எழுதாமல் "ரூட் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு என்னால் எதுவும் சொல்ல முடியாது. அப்படி வந்த கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். விவரம் எழுதி அனுப்பினால் அடுத்த முறை பார்க்கலாம்.

நண்பர்கள் மூன்று பேர், 30 நாள் லீவு. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எல்லாவற்றையும் முடித்துவிடலாமா? (பாலக்கோடு)

முடியாது. ஒவ்வொரு எல்லையைத் தாண்டவும் ஏறக்குறைய ஒரு நாள் போய்விடும். எட்டு நாடு என்றால் பஸ் நிலையத்தையும் குடியேற்ற வரிசையையும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். 30 நாளுக்கு இரண்டு நாடு, மிஞ்சிப்போனால் மூன்று.

பாங்காக்கில் இறங்கி இரவு ரயிலில் சியாங் மாய் போங்கள். அங்கிருந்து சியாங் கோங், பாலத்தைக் கடந்தால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கே மெக்காங் ஆற்றில் படகு ஏறினால் நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு தங்கி, இரண்டாம் நாள் மாலை லுவாங் பிரபாங் சேரலாம். பலகை இருக்கை, இரண்டு பக்கமும் காடு, பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. இந்த இரண்டு நாளை மட்டும் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியன்டியானுக்கு 2021 டிசம்பரில் ரயில் வந்துவிட்டது. முன்பு மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்கப் பிடித்த தூரம், இப்போது இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹனோய்க்கு விமானம். அப்புறம் வியட்நாமைத் தெற்கு நோக்கி ரயிலில் பாருங்கள்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும் என்பதையும் மறந்துவிட்டீர்கள். தாய்லாந்து-கம்போடியா தரைவழி எல்லை 2025 மோதலின்போது மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அந்த வழியில் திட்டம் போடாதீர்கள்.

தாய்லாந்து வருகை அட்டைக்கு ஓர் இணையதளம் 4,000 ரூபாய் கேட்கிறது. நியாயமா? (பர்கூர்)

அந்த அட்டை இலவசம். 2025 மே முதல் கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் நீங்களே நிரப்பலாம். மலேசியாவுக்கும் இதே கதைதான். இந்த அட்டைக்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

விசா விஷயத்திலும் அரசுத் தளத்தையே பாருங்கள். தாய்லாந்து 2024 ஜூலையில் நமக்கு 60 நாள் கொடுத்தது. அதைக் குறைக்கும் பேச்சு அடிக்கடி எழுகிறது. மலேசியாவின் 30 நாள் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. வியட்நாமுக்கு இ-விசா, 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். அதில் பெயரை பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். நம் ஆட்கள் இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதிவிட்டு விமான நிலையத்தில் நிற்கிறார்கள்.

டிசம்பரில் கோ சாமுயி தீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். "தாய்லாந்துக்கு டிசம்பர்தான் சீசன்" என்றார்கள். சரிதானே? (ஓசூர்)

டிக்கெட் போடுவதற்கு முன் கேட்டிருக்கலாம். தாய்லாந்துக்கு இரண்டு கடற்கரை. புக்கெட், கிராபி இருக்கும் மேற்குப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில். சாமுயி கிழக்குப் பக்கம். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் அடிக்கிறது. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பெரும்பாலும் படகு ஓடாது, பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். நடு வியட்நாமில், ஹோய் ஆன், ஹுவே பக்கம், அக்டோபர் நவம்பரில் வெள்ளம் தெருவுக்கு வரும். பாலி நேர் எதிர்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம்.

வடக்கே சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காட்டையும் எரிக்கும் புகை. ஆஸ்துமா இருப்பவர்கள் அப்போது போக வேண்டாம். உங்கள் டிக்கெட்டை மாற்ற முடிந்தால் கிராபிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் தாய்லாந்து போக முடியாது என்கிறார் ஏஜென்ட். (அரூர்)

இந்தியாவிலிருந்து நேராகப் போனால் தேவையில்லை. ஆசியாவில் அந்த நோயே கிடையாது. கென்யா, உகாண்டா, பிரேசில் போன்ற நாடுகளைச் சேர்த்தால்தான் ஊசி வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டும் போடுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனம். பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும்.

தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்ற ஆசை. நம்மூர் லைசென்ஸ் போதுமா? யாரும் கேட்பதே இல்லை என்கிறார்களே. பாஸ்போர்ட்டை டெபாசிட்டாகக் கேட்டால் கொடுக்கலாமா? (காரிமங்கலம்)

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை எங்கேயும், யாரிடமும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலைக் காட்டி, நீங்கள் போட்டதுதான் என்பார்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால் கேட்ட பணத்தைக் கொடுக்காமல் நகர முடியாது. பணமாக டெபாசிட் வாங்கும் கடையைத் தேடுங்கள். வண்டியை எடுக்கும் முன் கடைக்காரர் முன்னாலேயே நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். முன் பிரேக், பின் பிரேக், டயர், ஹாரன், இரண்டு கண்ணாடி எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

அடுத்து லைசென்ஸ். ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். 1,000 ரூபாய்க் கட்டணம், ஓராண்டு செல்லும். உங்கள் லைசென்ஸில் இருசக்கர வாகனம் இருக்க வேண்டும். கார் மட்டும் இருந்தால் பயனில்லை. தாய்லாந்தில் இந்த அனுமதி செல்லும். வியட்நாமில் செல்லாது. நம் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தருவது. வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்தப்படி தந்ததை மட்டும்தான் ஏற்கிறது. கையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினாலும் அங்கே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர்தான்.

"போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம்" என்று எனக்கே எழுதுகிறார்கள். இந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அபராதம் ஒரு பொருட்டே இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு ஒரு ரூபாய் தராது. தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை, நாலு நாள் ஐசியு என்றால் பல லட்சம் ஆகும். தனியார் மருத்துவமனை முன்பணம் கட்டச் சொல்லும். ஊரில் அம்மா நகையை அடகு வைப்பார், நண்பர்கள் வாட்ஸ்அப்பில் வசூல் செய்வார்கள். இதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்துவிட்டேன். தாய்லாந்தில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில் போனவர்கள். தொப்பூர் கணவாயில் லாரிகள் நொறுங்கிக் கிடப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மலை இறக்கம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே ஆள் சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போகும் மலைச்சாலையில் அரை டிரவுசரும் செருப்புமாக, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகிறார்.

தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவில் நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டுவார்கள். வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில் வலதுபக்கம். வியட்நாமின் ஹா ஜியாங் மலைச்சுற்றுக்கு உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகலாம். "ஈஸி ரைடர்" என்று கேட்டால் எல்லா விடுதியிலும் ஏற்பாடு செய்வார்கள். மூன்று நாளும் மலையைப் பார்த்துக்கொண்டே வரலாம். அதற்கும் நல்ல ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். காப்பீடு எடுக்கும்போது இருசக்கர வாகனம் பற்றிய பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டூரிஸ்டாகத் தாய்லாந்து போனால் அங்கேயே டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 சம்பளம், ஊரும் சுற்றலாம் என்று ஒருவர் சொல்கிறார். (போச்சம்பள்ளி)

தம்பி, போகாதீர்கள். சுற்றுலா நுழைவில் போய் வேலை செய்வது சட்டவிரோதம். இப்படி அழைத்துப் போனவர்களைத்தான் தாய்லாந்தின் மே சோட் வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடி செய்ய வைத்தார்கள். கம்போடியா, லாவோஸிலும் இதுவே நடந்தது. 2022 முதல் மத்திய அரசு எச்சரித்து வருகிறது. உண்மையான ஏஜென்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். யாராவது ஏற்கெனவே போய்ச் சிக்கியிருந்தால் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் நம் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் உடனே தெரிவியுங்கள்.

நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சைவம். இரண்டு மாதம் சமாளிக்க முடியுமா? (ஊத்தங்கரை)

தாராளமாக முடியும் ஐயா. கறி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. மீன் சாஸும் இறால் விழுதும் எல்லாவற்றிலும் இருக்கும். தாய்லாந்தில் "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அந்தக் கடை. மீன் சாஸ் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூட இருக்காது. வியட்நாமில் "சாய்". அமாவாசை, பௌர்ணமி அன்று அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பினாங்கில் வாழை இலைச் சாப்பாடே உண்டு.

கேழ்வரகு மாவு, சத்துமாவு கொண்டுபோவதென்றால் சீல் போட்ட பாக்கெட்டாக இருக்கட்டும். சிங்கப்பூர் வழியாகப் போனால் மசாலாவில் கசகசா இருக்கவே கூடாது. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

பணத்தை எப்படி எடுத்துப் போவது? ஜிபே வேலை செய்யுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? (காவேரிப்பட்டினம்)

வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில் டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) படுக்கை, தெருக்கடைச் சாப்பாடு, பஸ் என்று போனால் நாளுக்கு 2,500 முதல் 3,500 ரூபாய். தாய்லாந்துத் தீவுகளில் கூட ஆகும். சிங்கப்பூரில் இந்தக் கணக்கு எடுபடாது.

யுபிஐயை நம்பிக் கிளம்பாதீர்கள். வெளிநாட்டுப் பணத்தை ஏற்றி வைக்கும் ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, வேறு வங்கியின் டெபிட் கார்டு, 300 டாலர் ரொக்கம். கிழிசலோ பேனாக் கோடோ இருக்கும் டாலரைக் கம்போடியாவில் வாங்க மாட்டார்கள். தாய்லாந்து ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் பிடிக்கும். ஒரே தடவையில் நிறைய எடுங்கள். "ரூபாயில் மாற்றித் தரட்டுமா" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த விலையில் உங்களுக்கு நஷ்டம். அப்புறம், வங்கி ஓடிபி வரும் சிம்மில் ரோமிங் போட்டு வையுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

எத்தனை லிட்டர் பை? (தேன்கனிக்கோட்டை)

40 லிட்டர், எடை 7 கிலோவுக்குள். மலிவு விமானங்களில் கேபினுக்கு அவ்வளவுதான். ஜீன்ஸ் வேண்டாம், அந்த ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு, கூடவே ஒரு லுங்கி. டார்மில் போர்வை, பஸ்ஸில் தலையணை, குளிக்கும் இடத்தில் மறைப்பு, பாலிக் கோயிலில் இடுப்பில் கட்டிக்கொள்ளவும் அதுவே. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். வேப் சாதனம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் தடை.

மலேரியா மாத்திரை சாப்பிட வேண்டுமா? (கிருஷ்ணகிரி)

நகரங்களிலும் வழக்கமான சுற்றுலா ஊர்களிலும் பெரும்பாலும் தேவைப்படாது. எல்லைக் காடுகளில் தங்குவதாக இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். டெங்குவுக்குத்தான் நான் பயப்படுகிறேன். அது பகலில் கடிக்கும் கொசுவால் வருவது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும்; இபுப்ரோஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடாதீர்கள்.

பாலியில் ரேபிஸ் இருக்கிறது. ஒகேனக்கல்லில் குரங்குக்குப் பழம் நீட்டிப் பழகியவர்கள் உபுத் குரங்குக் காட்டில் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி.

தனியாகப் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். நான் பெண் என்பதால் வேறு என்ன கவனிக்க வேண்டும்? (ஓசூர்)

முதல் பயணத்துக்குத் தாய்லாந்தும் வியட்நாமும் சுலபம். பெண்களுக்கான தனி டார்ம் பெரும்பாலான ஊர்களில் உண்டு. புது ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் போய் இறங்காதீர்கள். பஸ்ஸையும் விமானத்தையும் அதற்கேற்ப எடுங்கள். விடுதியில் இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் மதுவைத் தொடாதீர்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். பாஸ்போர்ட் விஷயம் உங்களுக்கும் பொருந்தும்: விடுதி நகல் எடுத்துக்கொள்ளட்டும், அசல் உங்களிடம் இருக்கட்டும்.

தர்மபுரியிலிருந்து விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னால். ஓசூர் வரை நிம்மதி. அத்திப்பள்ளி தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. விமான நிலையமோ ஊருக்கு அந்தப்பக்கம், தேவனஹள்ளியில்.

பினாங்கில் இருக்கும் உறவினருக்குக் கிருஷ்ணகிரி மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுபோகலாமா? (பர்கூர்)

பழமாகக் கூடாது, அனுமதிச் சீட்டு இல்லாமல் போனால் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். டின்னில் அடைத்த மாங்கூழ் வாங்கிக்கொள்ளுங்கள். செக்-இன் பையில் வையுங்கள், கேபினில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.